பிள்ளைகள் ஏறிய பேருந்து: சவுத்தாலிலிருந்து போர்த்மாடோக் வரை

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு முதல் சில ஆண்டுகள் ஒரு மொழித்துணை ஆசிரியர் தேவைப்படுகிறார். பாட ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைக்கு எட்டும்படி உடைத்துத் தருவதும், பிள்ளை மனத்தில் இருப்பதைப் பள்ளி மொழியில் வெளியே கொண்டுவருவதும் அவர் வேலை. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் எந்த நாட்டிலும் போதுமான அளவு இருப்பதில்லை. ஆகவே எந்தப் பள்ளிக்கு எத்தனை பேர், எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்வி வருகிறது. இங்கிலாந்து இந்தக் கேள்விக்குச் சுமார் 60 ஆண்டுகளில் நான்கைந்து விடைகளை எழுதி எழுதி அழித்திருக்கிறது. லண்டனின் மேற்கு ஓரத்தில் ரயில் ஏறி, யார்க்‌ஷர், லிங்கன்ஷர், கிழக்கு லண்டன் என்று இறங்கி ஏறி, வேல்ஸின் வடமேற்குக் கடற்கரையில் முடிகிற ஒரு பயணத்தில் அந்த விடைகளை ஊர் ஊராகப் பார்த்துவிடலாம். வழி நெடுக ஒரே கேள்விதான் வேறு வேறு உருவில் வருகிறது: பிள்ளை ஆசிரியரைத் தேடிப் போக வேண்டுமா, ஆசிரியர் பிள்ளையைத் தேடி வர வேண்டுமா?

சவுத்தால் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தோடு குர்முகி எழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. வெளியே வந்தால் ஜிலேபி பொரியும் மணம், சல்வார் துணிக்கடைகள், தலைக்கு மேலே ஹீத்ரோவில் இறங்கத் தாழும் விமானங்கள். 1950களில் பஞ்சாபிலிருந்து வந்த ஆண்கள் சுற்றுவட்டார ரப்பர் தொழிற்சாலையிலும் மற்ற ஆலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்னாலேயே மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஊரின் தொடக்கப்பள்ளிகளில் பஞ்சாபி மட்டும் பேசும் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்தார்கள்.

1963 அக்டோபரில் இங்குள்ள பீக்கன்ஸ்ஃபீல்டு சாலைப் பள்ளியில் வெள்ளைக்காரப் பெற்றோர் திரண்டு கல்வி அமைச்சர் எட்வர்ட் பாயிலிடம் முறையிட்டார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளால் தங்கள் பிள்ளைகளின் படிப்பு பின்தங்குகிறது என்பது அவர்கள் புகார். புலம்பெயர்ந்தோருக்கெனத் தனிப் பள்ளி வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. தனிப் பள்ளியை அமைச்சர் ஏற்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது நல்ல முடிவு. ஆனால் அதற்கு மாற்றாக, எந்தப் பள்ளியிலும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்ற எண்ணத்தை முன்வைத்தார். 1965-இல் கல்வித் துறை வெளியிட்ட 7/65 என்ற சுற்றறிக்கை அந்த அளவை மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியது. கூடுதலாக உள்ளவர்களை வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பலாம், தேவையானால் பேருந்து வைத்து அனுப்பலாம் என்றாயிற்று.

மொழித்துணைக்கான ஒதுக்கீடு என்ற பெயரில் இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்த முதல் ஏற்பாடு இதுதான். ஆசிரியரைப் பள்ளிக்கு அனுப்பாமல், பிள்ளையைப் பள்ளி விட்டுப் பள்ளி அனுப்பினார்கள். சவுத்தாலை உள்ளடக்கிய ஈலிங் வட்டாரத்தில் 1970களின் நடுவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தினமும் இப்படிப் போய்வந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகூட விடிந்தும் விடியாத குளிர்காலக் காலையில் குறிப்பிட்ட தெருமுனையில் நின்று பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பள்ளி விட்டதும் வண்டி கிளம்பிவிடும். அதனால் மாலையில் நடக்கும் விளையாட்டிலோ நாடகத்திலோ அந்தப் பிள்ளை இருக்க முடியாது. பள்ளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், காரும் இல்லாத, ஆங்கிலமும் தெரியாத தாய் அந்த இடத்தைத் தேடிப் போவதற்குள் பொழுது போய்விடும். ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள மிகவும் உதவுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஆடும் விளையாட்டு. பேருந்து அதைத்தான் முதலில் பறித்தது, ஏனென்றால் பள்ளித் தோழன் இருக்கும் தெரு வேறு, வீடு இருக்கும் தெரு வேறு.

இந்த ஏற்பாட்டின் ஆழமான கோளாறு கணக்கெடுப்பில் இருந்தது. எண்ணப்பட்டது ஆங்கில அறிவு அல்ல, பிறந்த குலம். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த கரீபியப் பிள்ளையும், இங்கிலாந்திலேயே பிறந்து சரளமாகப் பேசும் பஞ்சாபிப் பிள்ளையும் அதே பட்டியலில் சேர்ந்தார்கள். எண்ணுவதில் பிழை இருந்தால் அதன்மேல் கட்டும் ஒதுக்கீடு எவ்வளவு நல்ல எண்ணத்தோடு கட்டப்பட்டாலும் கோணலாகத்தான் நிற்கும். இந்தப் பாடம் இந்தப் பயணத்தில் திரும்பத் திரும்ப வரும். உள் லண்டன் கல்வி ஆணையமும் பர்மிங்காம் நகரமும் பேருந்து ஏற்பாட்டை ஏற்க மறுத்துவிட்டன. அங்கே வேறு வழிகள் தேடப்பட்டன.

கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே போகும் ரயிலில் லீட்ஸ், அங்கிருந்து பிராட்ஃபர்ட். கம்பளி ஆலைகளின் ஊர். மானிங்காம் மலையில் நிற்கும் லிஸ்டர் ஆலையின் புகைபோக்கி ஊரின் பல தெருக்களிலிருந்து தெரியும். இரவு ஷிப்டில் கம்பளி சீவப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆண்கள் இங்கே குடியேறினார்கள். பிராட்ஃபர்ட் 1964 முதலே பிள்ளைகளைப் பிரித்து அனுப்பத் தொடங்கியிருந்தது. வண்டி ஒரு திசையில்தான் ஓடியது; வெள்ளைக்காரப் பிள்ளைகள் யாரும் மானிங்காம் பக்கம் அனுப்பப்படவில்லை. பெற்றோரின் எதிர்ப்பாலும், இன உறவுச் சட்டங்களின் நெருக்கடியாலும் 1980-ஐ ஒட்டிப் பிராட்ஃபர்ட்டிலும் ஈலிங்கிலும் இந்தப் பேருந்துகள் நின்றன. அதற்குள் ஒரு முழுத் தலைமுறை அந்த இருக்கைகளில் உட்கார்ந்து படிப்பை முடித்துவிட்டது.

பிராட்ஃபர்டிலிருந்து ஹாலிஃபாக்ஸ் கால் மணி நேரப் பயணம். சுரங்கப்பாதைகளும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும் கடந்தால், கல்லில் கட்டிய ஊர். நடுவில் 1779-இல் திறந்த பீஸ் ஹால்: கைத்தறிக் கம்பளித் துணி விற்பதற்கென்று நூற்றுக்கணக்கான சிறு அறைகளோடு சதுரமாகக் கட்டிய சந்தை. ஊரோரத்தில் டீன் கிளஃப் என்னும் பெரிய கம்பள ஆலை. இந்த வட்டாரத்துக்கு வந்த குடும்பங்களில் பல பாகிஸ்தான் நிர்வாகத்திலுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவை. 1960களில் அங்கே மங்களா அணை கட்டியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஊரை இழந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் யார்க்‌ஷரின் ஆலைகளுக்கு வந்தார்கள். அணைநீருக்கடியில் போன கிராமத்தின் பேச்சு, ஹாலிஃபாக்ஸின் தொடக்கப்பள்ளி வாசலில் நின்றது.

ஹாலிஃபாக்ஸ் அடங்கிய கால்டர்டேல் வட்டாரம் எடுத்த வழி மொழி மையம். பள்ளியில் சேர வரும் ஆசியப் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் வழக்கமான பள்ளியில் இடமில்லை. தனி மையத்துக்கோ தனி வகுப்புக்கோ போக வேண்டும். ஆசிரியர்கள் அங்கே ஒரே இடத்தில் இருப்பார்கள். குறைவாக உள்ள நிபுணர்களை ஊரெல்லாம் சிதறவிடாமல் ஒரு கூரைக்கீழ் வைப்பது நிர்வாகத்துக்கு வசதி. சிறு வகுப்பு, கவனமான ஆசிரியர், படப்புத்தகங்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இங்கே வேலை செய்தவர்களில் பலர் மனப்பூர்வமாக உழைத்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஆங்கிலம் பேசும் பிள்ளை ஒருவர்கூட இல்லாத அறையில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் ஒருவரே அந்த மொழிக்கு ஊற்று. அவர் திரும்பிக் கரும்பலகையில் எழுதும் நேரத்தில் அறையில் ஆங்கிலம் நின்றுவிடும். அறிவியல், வரலாறு போன்ற பாடங்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே மையத்திலிருந்து வெளிவந்த பிள்ளை ஆங்கிலத்தில் ஓரளவு தேறி, மற்றப் பாடங்களில் பின்தங்கியிருந்தது. சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீண்டது. இன உறவுச் சட்டம் 1976-இன் கீழ் அமைந்த இனச் சமத்துவ ஆணையம் கால்டர்டேலை முறைப்படி விசாரித்து 1986-இல் அறிக்கை தந்தது. கல்விக் காரணம் காட்டி நடந்தாலும் நடைமுறையில் இது ஒரு பிரிவினரை மட்டும் வழக்கமான பள்ளியிலிருந்து விலக்கி வைக்கிறது, எனவே மறைமுகப் பாகுபாடு என்று அது தீர்ப்புரைத்தது. சிறுபான்மை இனப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்து அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த ஸ்வான் குழு அறிக்கையும் தனி மையங்கள் வேண்டாம், துணை வகுப்பறைக்குள்ளேயே தரப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தது. இங்கிலாந்து முழுக்க மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மையத்து ஆசிரியர்கள் தங்கள் படப்பெட்டிகளைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சுற்றத் தொடங்கினார்கள்.

அந்த ஆசிரியர் வகுப்பறைக்குள் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் அருமை விளங்கும். ‘டேபிள்’ என்றால் சாப்பாட்டு மேசை என்று புதிதாக வந்த பிள்ளைக்குத் தெரியும். கணக்கு வகுப்பில் அதே சொல் வாய்ப்பாடு. அறிவியல் வகுப்பில் அட்டவணை. ‘வால்யூம்’ வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம், கணக்கில் கனஅளவு. ‘ஆட்’ என்றால் விசித்திரமானது என்று போன வாரம் கற்ற பிள்ளையிடம் கணக்கு ஆசிரியர் ‘ஆட் நம்பர்’ எழுதச் சொல்கிறார். எந்த எண் விசித்திரமானது என்று பிள்ளை விழிக்கிறது. கணக்கு ஆசிரியருக்கு இது கணக்குத் தெரியாத பிள்ளையாகப்படும். மொழித்துணை ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இடறிய இடம் எது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

சொல்லைத் தாண்டினால் வாக்கியம். சோதனைக்கூடத்தில் தண்ணீரைக் காய்ச்சிய பிள்ளைக்கு, தான் செய்ததைச் சொல்லத் தெரியும்: நான் தண்ணியைச் சூடு பண்ணினேன், ஆவி வந்தது. ஏட்டில் அதை ‘தண்ணீர் சூடாக்கப்பட்டது’ என்ற போக்கில், செய்தவரை மறைத்து, வரிசைப்படுத்தி எழுத வேண்டும். இந்த நடை விளையாட்டு மைதானத்தில் கிடைக்காது. துணை ஆசிரியர் முந்தைய நாளே பாட ஆசிரியரோடு உட்கார்ந்து, இந்தப் பாடத்தில் எந்தச் சொற்கள் வரும், எந்த வாக்கிய அமைப்பு வேண்டும் என்று பார்த்து, வாக்கியத் தொடக்கங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிவருவார். பிள்ளை சீட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, மீதியைத் தானே எழுதும். சில வாரங்களில் சீட்டு தேவைப்படாது.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் எழுதிவந்த வேறுபாடு இதுதான். மைதானத்துப் பேச்சு இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூல் மொழியில் உடன் படிப்பவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். சரளமாகப் பேசுகிறானே, இனி எதற்குத் துணை என்று கேட்கும் தலைமையாசிரியர் இந்த இடைவெளியைத்தான் காணாமல் விடுகிறார். ஒதுக்கீட்டின் ஆண்டுக்கணக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற சண்டை முழுவதும் இந்த இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவில் நடப்பதுதான்.

இந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? 1966-இன் உள்ளாட்சிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவிலிருந்து. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து, மொழியாலோ பழக்கவழக்கத்தாலோ வேறுபட்டவர்கள் கணிசமாக வாழும் உள்ளாட்சிகளுக்கு, அவர்களுக்கெனக் கூடுதலாக வைக்கும் பணியாளர் செலவில் ஒரு பங்கை உள்துறை அமைச்சகம் தரும். முதலில் பாதி, பிறகு முக்கால் பங்கு. கல்வித் துறை இருக்க உள்துறை இதைக் கையாண்டதிலேயே, இது படிப்பைப் பற்றியது என்பதைவிட வந்தேறிகளைப் பற்றியது என்ற அரசின் பார்வை தெரிகிறது. நெடுங்காலம் வந்து பத்தாண்டு தாண்டியவர்கள் கணக்கில் சேரவில்லை. காமன்வெல்த்துக்கு வெளியிலிருந்து வந்த வியட்நாம், சோமாலியப் பிள்ளைகளுக்கு 1993-இல் சட்டம் திருத்தப்படும் வரை இந்தப் பணத்தில் உரிமை இல்லை. பல உள்ளாட்சிகளில் இந்தப் பணம் பொதுப் பணியிடங்களை நிரப்பப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

குறைகள் இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய நன்மை உண்டு. பணத்துக்குப் பெயர் இருந்தது. பள்ளிகளில் ‘செக்‌ஷன் லெவன் டீச்சர்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். யார் வருவார், எந்த நாள் வருவார், எந்தப் பிள்ளைக்காக வருகிறார் என்று கேட்க முடிந்தது. 1999-இல் இது கல்வித் துறையின் சிறுபான்மை இனத்தவர் மேம்பாட்டு மானியமாக மாறியது. அப்போதும் பணம் தனியாகவே நின்றது. 2011-இல் அந்த மானியம் பள்ளிகளுக்கான பொது நிதியில் கரைக்கப்பட்டது. இனி எப்படிச் செலவழிப்பது என்பது பள்ளியின் விருப்பம். பல வட்டாரங்களில் ஊர்சுற்றும் ஆசிரியர் குழுக்கள் சுருங்கின, சில இடங்களில் கலைந்தன. ஒரு குழுவைக் கட்டுவதற்கு இருபது ஆண்டு, கலைப்பதற்கு ஒரு நிதியாண்டு போதும். இந்த இழப்பு வருத்தத்துக்குரியது, ஏனெனில் கலைந்து போனது ஊர் ஊராகச் சேர்த்த அனுபவம்.

புதிய ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு லிங்கன்ஷர் நல்ல இடம். கிராந்தமில் ஸ்கெக்னெஸ் போகும் வண்டிக்கு மாறினால் ஒரு மணி நேரத்தில் பாஸ்டன். அமெரிக்கப் பாஸ்டனுக்குப் பெயர் தந்த ஊர். நிலம் தட்டையாக, அடிவானம் வரை முட்டைக்கோசும் பிரக்கோலியும். செயின்ட் போட்டால்ஃப் தேவாலயத்தின் உயர்ந்த கோபுரம் பல மைலுக்கு அப்பாலேயே தெரியும். 2004 மே மாதம் போலந்து, லித்துவேனியா, லாட்வியா உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் காய்கறி அறுக்கவும் கட்டவும் ஆட்கள் இங்கே வந்தார்கள். 2016 பொது வாக்கெடுப்பில் ஒன்றியத்தை விட்டு விலக நாட்டிலேயே அதிக விழுக்காட்டில், 75.6 விழுக்காட்டினர், வாக்களித்த வட்டாரமும் இதுவே. சவுத்தாலைப் போல நெடுநாள் பழகிய ஆசிரியர் குழு இங்கே இல்லை. 2004-க்கு முன்வரை பள்ளிகளில் வேற்று மொழி கேட்டதே அரிது.

2018-19 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நிதிச் சூத்திரத்தில் மொழித்துணைக்கு ஒரு தலைப்பு இருக்கிறது. வீட்டு மொழி ஆங்கிலம் அல்லாத பிள்ளை இங்கிலாந்தின் பள்ளி முறைக்குள் நுழைந்து மூன்று ஆண்டுகள் வரை கணக்கில் வரும். சூத்திரத்தின் முதல் ஆண்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 515 பவுண்டு, உயர்நிலைப் பிள்ளைக்கு 1,385 பவுண்டு. அதே ஆண்டு லண்டனுக்கு வெளியே புதிதாகச் சேரும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 23,720 பவுண்டு. ஓய்வூதியப் பங்கு முதலியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு தொடக்கப்பள்ளி ஒரு முழுநேர ஆசிரியரை வைக்க இத்தகைய பிள்ளைகள் ஏறத்தாழ 46 பேர் வேண்டும். கிழக்கு லண்டன் பள்ளிக்கு 46 பிள்ளைகள் ஒரு பொருட்டே இல்லை. பாஸ்டனைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளியில் ஆறு பிள்ளைகள் இருந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் 3,090 பவுண்டு வரும். அதில் ஆசிரியர் வரமாட்டார். வாரத்தில் சில மணி நேரம் ஒரு உதவியாளர் வரலாம், அல்லது மொழிபெயர்க்கும் டேப்லெட் கருவி வாங்கலாம். பணம் நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது; ஆனால் ஆசிரியர் என்பவர் எட்டில் ஒரு பங்காகப் பிறப்பதில்லை. சிதறிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஒரே வழி பல பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வதுதான். முன்பு உள்ளாட்சிக் குழு செய்த வேலையும் அதுவே.

இன்னொரு இடர் நாட்காட்டியில் இருக்கிறது. நிதிக்கான தலையெண்ணிக்கை அக்டோபரில் நடக்கும். வயல் வேலைக்கு வருபவர்கள் அக்டோபரைப் பார்த்து வருவதில்லை. பிப்ரவரியில் வந்து சேரும் பிள்ளைக்கு அன்றைக்கே ஆசிரியர் வேண்டும், ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரில் பணம் வர அடுத்த எண்ணிக்கையும் அடுத்த நிதியாண்டும் ஆக வேண்டும். அதற்குள் குடும்பம் வேறு பண்ணைக்கு மாறிப் போயிருக்கலாம். முதல் சில மாதங்கள் பேசாமலே இருந்து கேட்டுக் கேட்டு உள்வாங்கும் பிள்ளைகள் பலர். அந்த மௌன காலத்தில் உடனிருக்க வேண்டியவர் மௌனம் கலைந்தபின் வந்து சேர்கிறார்.

திரும்ப லண்டன். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் கொத்து ரொட்டி தட்டும் சத்தம், முருங்கைக்காய்க் கட்டு, நகைக்கடைத் தமிழ்ப் பலகைகள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய இடங்களில் இது ஒன்று. பக்கத்திலேயே குஜராத்தி, வங்காளம், உருது, ருமேனியன். ஒரே வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வீட்டு மொழிகள் இருப்பது இங்கே சாதாரணம். சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த பள்ளி அறைகளில் பெற்றோரே நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் இதே பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள். வார நாளில் ஆங்கிலத்துக்குத் துணை தேடும் பிள்ளை, வார இறுதியில் தமிழுக்குத் துணை தேடுகிறது.

மூன்றாண்டு விதி இங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஹாமிலேயே பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை 4 வயதில் ரிசெப்ஷன் வகுப்பில் சேர்கிறது. 7 வயதையொட்டி அதன் பெயரிலான பணம் நிற்கிறது. படக்கதை போய்ப் பத்தி பத்தியாகப் பாடம் தொடங்கும் வயது அதுதான். பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுநாள் படித்த வேற்றுமொழிப் பிள்ளைகள் 16 வயதுத் தேர்வில் சராசரியாக மற்றவர்களுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வருகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தேர்வுக்குச் சற்று முன்னே, 14, 15 வயதில் வந்து சேர்பவர்களே மிகவும் பின்தங்குகிறார்கள். ஆகவே ‘வீட்டு மொழி ஆங்கிலம் அல்ல’ என்ற ஒற்றைக் குறி, நன்றாக முன்னேறும் பிள்ளையையும் தத்தளிக்கும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் போடுகிறது. சவுத்தாலில் குலத்தை எண்ணிய பிழையின் தம்பிதான் இது.

இந்தப் பிழையைத் திருத்தும் முயற்சி நடந்தது. 2016-17 பள்ளிக் கணக்கெடுப்பில் வீட்டு மொழி ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கிலத் திறனையும் ஏ முதல் இ வரை ஐந்து படிகளில் குறிக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்துக்கே புதியவர் ஏ, முழுச் சரளம் இ. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று சொல்ல இதைவிட நேரான அளவுகோல் இல்லை. 2018-இல் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். அந்தப் படிகளின்மேல் ஆசிரியர் ஒதுக்கீட்டை அமைக்கும் வாய்ப்பு கைக்கு வந்து நழுவிப்போனது. வேல்ஸில் இந்த ஐந்து படிக் குறிப்பு இன்னும் தொடர்கிறது.

வேல்ஸுக்குப் போகக் காரணம் அது மட்டுமல்ல. பர்மிங்காமிலிருந்து மேற்கே போகும் வண்டி ஷ்ரூஸ்பரி தாண்டி, மக்கன்லெத்தில் இரண்டாகப் பிரியும். வடக்கே போகும் பெட்டிகள் கடலை ஒட்டியே போகும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அலை; ஹார்லெக் கோட்டை தலைக்கு மேலே வந்து போகும். நிலையப் பலகைகளில் முதலில் வெல்ஷ், அடுத்து ஆங்கிலம். போர்த்மாடோக்கில் இறங்கினால் கடைக்காரரும் வாடிக்கையாளரும் வெல்ஷில் பேசுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதும் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு. இந்த குவினெத் வட்டாரத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடு.

19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ‘டபிள்யூ என்’ (‘வெல்ஷ் நாட்’) என்று பொறித்த மரப்பலகையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து வெல்ஷ் பேசி அகப்படும் பிள்ளைக்கு அது மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அந்த நினைவு இன்றும் இங்கே ஆறவில்லை. இப்போது நிலைமை வேறு. இங்கிலாந்திலிருந்து வீடு வாங்கிக் குடியேறும் குடும்பங்களின் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள், வெல்ஷ் வழியில் நடக்கும் கிராமப் பள்ளிக்கு வருகிறார்கள். முப்பது பேர் படிக்கும் சிறு பள்ளியில் இத்தகைய ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தால் விளையாட்டு மைதானம் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். உலகமெங்கும் துணை கேட்கப்படாத ஆங்கிலப் பிள்ளைக்கு இங்கே துணை ஆசிரியர் தேவைப்படுகிறார்.

குவினெத் இதற்கு 1984 முதல் மொழி மையங்கள் நடத்துகிறது. புதிதாக வரும் பிள்ளை ஒரு பருவம், ஏறத்தாழ 10 வாரம், தன் பள்ளியை விட்டு மையத்துக்குப் போய் வெல்ஷில் மூழ்கும். பாட்டு, நாடகம், கடை விளையாட்டு, சமையல் எல்லாம் வெல்ஷில். ஹாலிஃபாக்ஸில் பாகுபாடு என்று மூடப்பட்ட அதே அமைப்பு, இங்கே ஒரு மொழியின் உயிர்நாடி. இரண்டையும் பார்த்தவருக்கு, தனி மையமே தவறு என்றோ சரி என்றோ சொல்ல வாய் வராது. வேறுபாடுகளை எண்ணிப் பார்க்கலாம். இங்கே காலவரம்பு திட்டவட்டம். பிள்ளையின் பெயர் சொந்தப் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கிறது, அதன் நாற்காலி காலியாகக் காத்திருக்கிறது. தேர்வில் தோற்றதால் அனுப்பப்படவில்லை. போகும் பிள்ளையின் தாய்மொழி நாட்டை ஆளும் மொழி, ஆகவே மையத்துக்குப் போவது யாரும் தலைகுனியும் விஷயமாகவில்லை. ஹாலிஃபாக்ஸின் மீர்ப்பூர்ப் பிள்ளைக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

பருவம் முடிந்ததும் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்புகிறது. பத்து வாரத்தில் வருவது மைதானத்துப் பேச்சுதான், பாடநூல் மொழி வராது என்பது மையத்து ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் பின்தொடர்ந்து பிள்ளையின் பள்ளிக்கே போகிறார்கள். மலைச் சாலையில் காரை நிறுத்தி, வகுப்பின் கடைசி வரிசையில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய அறிவியல் பாடத்தில் வரும் வெல்ஷ் சொற்களைச் சேர்ந்து படிக்கிறார்கள்.